அருவியைத் திறக்க எத்தனை நிமிடம்?

பதினோரு நாளாக அருவியில் யாரும் குளிக்கவில்லை. தண்ணீர் மட்டும் ஒரு குறையும் வைக்காமல் விழுந்துகொண்டிருந்தது. சாரல் நன்றாகவே இருந்தது. ஆடி பிறந்து சீசன் களைகட்ட வேண்டிய நேரம். ஆனால் அருவிக்குப் போகும் வழியில் இரும்புத் தடுப்பும், அதில் 'குளிக்கத் தடை' என்ற பலகையும், பக்கத்தில் குடை பிடித்தபடி ஏட்டு ரவியும்தான் நின்றார்கள். முதல் வாரம் மலையில் பெய்த மழையில் வெள்ளம் பொங்கி வந்தது. அன்றைக்கு மூடியது வாஸ்தவம். வெள்ளம் வடிந்த பிறகும் ஏன் மூடிக் கிடக்கிறது என்பதுதான் ஏசுவடியானுக்குப் புரியவில்லை.

ஏசுவடியானுக்கு ஐம்பத்தேழு வயது. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பதினேழு வயதில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தவர், நாற்பது வருஷமாக அருவிக்கரையில் வருகிறவர்களுக்கு உடம்பு பிடித்து எண்ணெய் தேய்த்துவிடுகிறார். குளிக்க ஆள் வந்தால்தான் தேய்க்க ஆள். சீசன் மூன்று மாதமும் ஓடினால் வருஷம் ஓடிவிடும். வேறு சொத்து கிடையாது. ஒரு பழக்கம் உண்டு, கேள்வி கேட்பது. லாரி டிரைவர் வந்து படுத்தால் சுங்கச்சாவடியில் என்ன செய்வார்கள் என்று கேட்பார். பேங்க்காரர் வந்தால் கிழிந்த நோட்டெல்லாம் எங்கே போகிறது என்று கேட்பார். அவரிடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்கள் உடம்புவலி போய், தொண்டை வலியோடு எழுந்து போவார்கள் என்று கூட்டாளிகள் கேலி பேசுவது உண்டு.

இந்த வருஷம் அவருக்கு இன்னொரு விசேஷம். மகள் ஜாய்ஸுக்குத் தென்காசியில் பெண் குழந்தை பிறந்து பதினாலு நாள் ஆகிறது. தலைப்பேறு. ஏசுவடியானின் வீட்டுக்காரி தங்கபுஷ்பம் மகளோடு தங்கிப் பக்குவம் பார்க்கிறாள். அவர் தினமும் சாயங்காலம் பஸ் ஏறிப் போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். குழந்தை கொட்டாவி விட்டால் அதையே ஒரு சேதியாக நாலு பேரிடம் சொல்வார்.

இந்த நேரம் பார்த்துத் திருப்பூரில் இருக்கும் மச்சினன் போன் போட்டான். அவன் வேலை பார்க்கும் மில்லில் வாட்ச்மேன் இடம் காலி. தங்க ரூம் உண்டு, சாப்பாடு உண்டு. ஒரு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். அருவி திறக்காவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். போனால் பேத்தி குப்புற விழுவதையும் தவழுவதையும் செல்போனில்தான் பார்க்க முடியும்.

அதனால் ஏசுவடியான் தடுப்பின் ஓரமாகப் போய் நின்றார்.

"ரவி சார், தண்ணி வடிஞ்சிட்டுல்லா. யாரு மூடி வைக்கச் சொன்னது?"

"இன்ஸ்பெக்டர் சொன்னாவ."

"அவுகளுக்கு யாரு சொன்னது?"

"கண்ட்ரோல் ரூம்."

"அந்த ரூமுக்கு?"

"கலெக்டர் ஆபீஸு."

"அங்கன யாரு சொன்னது?"

ரவி குடையைச் சாய்த்து மேலே காட்டினார். "அந்தா தெரியுதுல்லா மேகம், அதுகிட்டப் போய்க் கேளும் அண்ணாச்சி. ஒம்ம தொல்ல தாங்கல."

மேகத்திடம் போக வழியில்லை. கலெக்டர் ஆபீசுக்குப் போக பஸ் இருந்தது. திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். முன்னே என்றால் இதற்குத் திருநெல்வேலி வரை போய் ஒருநாள் பொழப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். தென்காசி தனி மாவட்டமான பிறகு காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடலாம். துண்டு, பழம், சிப்ஸ் விற்கும் சேக் மைதீனையும் துணைக்குக் கூப்பிட்டார். மைதீன் கடையில்தான் குளிக்க வருகிறவர்கள் பையையும் செல்போனையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அருவிக்குப் போகும் பாதையில் மேட்டுப்பக்கம் அப்படி முப்பது கடை உண்டு.

"நான் எதுக்கு வே? நீரு கேக்க ஆரம்பிச்சா ஆபீசரு லீவு போட்டுருவாரு" என்று சொல்லிக்கொண்டே மைதீன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

மனுவைக் கொடுத்ததும் அவர்களைப் பேரிடர் தாசில்தாரிடம் அனுப்பினார்கள். அனுசியா என்று பலகையில் பெயர் இருந்தது. நாற்பது வயது இருக்கும். மேசையில் மூன்று போன். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தே பேசினார். கம்ப்யூட்டர் பார்த்தே பிடித்துக்கொண்ட கழுத்து என்று ஏசுவடியானுக்குத் தெரிந்தது. கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார்.

"அம்மா, அருவிய மூடினது தப்புன்னு சொல்ல வரல. யாரு, எதப் பாத்து மூடுதாவன்னு தெரிஞ்சிக்கிடணும். அவ்வளவுதான்."

அனுசியா நிமிர்ந்து பார்த்தார். மனுவோடு வருகிறவர்கள் திறந்துவிடுங்கள் என்பார்கள், இல்லை திட்டுவார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை போலும். நாற்காலியைத் திருப்பிக் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"மலையில எவ்வளவு மழை பெய்யுதுன்னு இது சொல்லும். ஆனா பெஞ்ச மழை எப்ப கீழ வந்து சேரும்னு இது சொல்லாது. காட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு வனத்துறைக்குத் தெரியும். கூட்டம் எவ்வளவுன்னு போலீசுக்குத் தெரியும். எல்லாத்தையும் சேத்துப் பாத்து நான் ஒரு குறிப்பு எழுதி மேல அனுப்பணும்."

ஏசுவடியானுக்கு வியப்பாக இருந்தது. அரசாங்கம் என்றால் எல்லாம் தெரிந்த ஒருத்தர் எங்கேயோ உட்கார்ந்திருப்பார் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தார். இங்கே வந்து பார்த்தால் ஆளுக்கு ஒரு துண்டு தெரிந்து வைத்திருக்கிறார்கள். முழுசாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"கீழ வர இருவது நிமிசம் ஆகும்மா" என்றார் ஏசுவடியான்.

"என்னது?"

"மேல பாறமேட்டுல தண்ணி பொங்குச்சின்னா எங்ககிட்ட வர இருவது நிமிசம். மொதல்ல மண்வாட வரும். பொறவு காஞ்ச சருகு. அதுக்குப் பொறவு தண்ணி கலங்கும். நாப்பது வருசமா பாக்கேன்."

"இது ஏன் எங்க யாருக்கும் தெரியல?"

"யாரும் கேக்கலையேம்மா."

அனுசியா ஒரு தாளை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"சரி. இருவது நிமிஷம். ஞாயித்துக்கிழமை அருவிக்குள்ளயும் வரிசையிலயும் சேத்து அறுநூறு பேர் நிப்பாங்க. அத்தனை பேரும் மேட்டுக்கு வந்து சேர எத்தனை நிமிஷம் ஆகும்?"

ஏசுவடியான் மைதீனைப் பார்த்தார். மைதீன் ஜன்னலைப் பார்த்தார். நாற்பது வருஷமாக ஊருக்கெல்லாம் கேள்வி கேட்டவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார்.

"எனக்கும் தெரியாது" என்றார் அனுசியா. "அதனாலதான் மூடி வச்சிருக்கேன். தண்ணிக்குப் பயந்து இல்ல. அந்த நம்பர் தெரியாததுக்குப் பயந்து. பத்து நிமிஷத்துல வெளியேத்த முடியும்னு காட்டுங்க, திறக்கச் சொல்லி நானே எழுதுறேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மைதீன் சொன்னார், "நல்லா கேக்கப் போனீரு வே. இப்பம் பரிச்ச எழுதச் சொல்லிட்டாவ."

புதன்கிழமை பரீட்சை. தண்ணீர் குறைவாக இருந்த காலை நேரமாகப் பார்த்து இரண்டு மணி நேரம் திறந்தார்கள். சேதி எப்படிப் பரவியதோ, வண்டி வண்டியாக ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். அனுசியா கடைப்பக்கம் மேட்டில் ஒரு நாற்காலி போட்டுக் கையில் போனோடு உட்கார்ந்தார். வந்தவர்களுக்கு எதுவும் சொல்லவில்லை. சொன்னால் எல்லாரும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்வார்கள், உண்மை தெரியாது என்று சொல்லிவிட்டார். பத்தரைக்கு அவர் கை காட்டினார். ரவி விசிலை வாயில் வைத்து நெஞ்சு முட்ட ஊதினார். இன்னும் நாலு போலீசார் நாலு மூலையிலிருந்து ஊதினார்கள்.

அவ்வளவுதான். வரிசையில் காத்து நின்ற இருநூறு பேரும் 'ஹோ'வென்று அருவிக்குள் பாய்ந்தார்கள்.

ஏசுவடியான் தலையில் கை வைத்துக்கொண்டார். இது எப்படித் தோன்றாமல் போயிற்று? கூட்டமான நாளில் போலீஸ் விசில் அடித்தால் என்ன அர்த்தம் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குளித்தவன் நகரு, அடுத்தவன் வா. வருஷக்கணக்காக அந்த விசிலுக்குப் பழகிய கூட்டம். ஊத ஊத உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள். ரவி கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். அருவி இரைச்சலில் அவர் சத்தம் அவருக்கே கேட்டிருக்காது. தூத்துக்குடிக்காரர் ஒருவர் ரவி தன்னைத்தான் அன்போடு கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பதிலுக்குக் கை ஆட்டினார்.

கடைசி ஆள் மேட்டுக்கு வந்தபோது இருபத்தாறு நிமிடம்.

அனுசியா திட்டவில்லை. "இருவதுல வெள்ளம் வந்திருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். தடுப்பு மறுபடியும் வந்து நின்றது.

அன்றைக்குச் சாயங்காலம் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஏசுவடியான் உட்கார்ந்திருந்தார். பேத்தி அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"என் தம்பி ரெண்டு தடவ போன் போட்டுட்டான்" என்றாள் தங்கபுஷ்பம். "ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லணுமாம்."

"பாப்போம்."

"என்னத்த பாப்போம்? போலீசு ஊதியே வரல. நீங்க சொன்னா வந்துருவாவளாக்கும்?"

"யப்பா திருப்பூருக்குப் போகாண்டாம்மா" என்றாள் ஜாய்ஸ் கட்டிலிலிருந்து. "இவ இப்பதான் யப்பா சத்தத்துக்குத் திரும்புதா."

ஏசுவடியானுக்கு அந்த இடத்தில் ஒன்று உறைத்தது. ஆள் எதற்குத் திரும்புகிறான்? விசிலுக்குத் திரும்பவில்லை. வெள்ளம் என்று சொன்னாலும் லேசில் நம்ப மாட்டான், வெள்ளம் எப்படி இருக்கும் என்று நின்று பார்ப்பான். அப்படியானால் எதற்குத்தான் திரும்புவான்? பஸ்ஸில் வரும்போதும் அதையே நினைத்துக்கொண்டு வந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

விடை வெள்ளிக்கிழமை கிடைத்தது. மைதீன் கடையில் உட்கார்ந்து இரண்டு பேரும் காலி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டரைக்கு மைதீன் எழுந்தார். ஜும்ஆ தொழுகைக்குப் போக வேண்டும்.

"ஆள் இல்லாத நாளு ஒரு நிம்மதி வே" என்றார் மைதீன். "சீசன்ல வெள்ளிக்கெழம கடைய அடைக்கப் பட்ட பாடு எனக்குல்லா தெரியும். ஷட்டர்ல கை வச்சிரக் கூடாது. அருவிக்குள்ள நிக்கவன் அத்தன பேரும் தலயில சோப்போட ஓடியாருவான். பாய், என் போனு! பாய், என் போனு! அங்கன இருந்து எப்படித்தான் கண்ணு தெரியுமோ."

ஏசுவடியான் மெதுவாக எழுந்தார்.

"மைதீனு, இப்பம் என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்? தொழுகைக்கு நேரமாச்சுன்னேன்."

"இல்லலே, ஷட்டரு. ஒரு கட ஷட்டர எறக்கினா ஓடி வாரானே, முப்பது கடயும் ஒண்ணா எறக்கினா?"

மைதீன் ஷட்டர் கொக்கியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அன்றைக்குத் தொழுகைக்கு ஓட்டமும் நடையுமாகத்தான் போனார்.

சாயங்காலம் கடைக்காரர்கள், எண்ணெய் தேய்ப்பவர்கள் எல்லாரும் மைதீன் கடையில் நெருக்கியடித்துக் கூடினார்கள். சொல்லி அனுப்பியதும் அனுசியாவும் வந்தார். ஏசுவடியான் விஷயத்தைச் சொன்னார். கடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஷட்டரை இறக்க வேண்டும். மைக்கில் "பை, செல்போன் வைத்திருப்பவர்கள் உடனே வந்து வாங்கிக்கொள்ளவும், கடை மூடப்படுகிறது" என்று சொல்ல வேண்டும். அருவிக்கு அடியில் நிற்கிறவனுக்கு மைக் கேட்காது. அவர்களுக்காக எண்ணெய் தேய்ப்பவர்கள் கைகோத்து உள்ளே போய் ஒவ்வொரு முதுகிலும் தட்டிச் சொல்ல வேண்டும். பெண்கள் பக்கத்துக்குப் பூக்கடை வடிவம்மாளும் அவள் கூட்டாளிகளும்.

அனுசியா யோசித்தார். "அரசாங்க மைக்குல பொய் சொல்லலாமா?"

"பொய் என்னம்மா? நெசமாவே அடச்சிருவோம்" என்றார் மைதீன்.

சிரிப்பு அடங்கியதும் அனுசியா ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். "மேல பாறைமேட்டுல வயர்லெஸ்ஸோட ஒரு வனக்காவலர நிறுத்த ஏற்பாடு பண்ணிட்டேன். கீழ யார் யார் என்ன பொறுப்புன்னு இதுல கையெழுத்து வேணும். நாளைக்கு ஏதாவது ஆனா கேக்க ஆள் வேணும்."

கையெழுத்து என்றதும் ஆளாளுக்கு வெளியே மழையைப் பார்த்தார்கள். பெரிய சிப்ஸ் கடைக்காரர் சந்தோஷ்குமார் வாய்விட்டே சொன்னார், "ஷட்டர எறக்கச் சொன்னா எறக்குதோம். கையெழுத்துப் போட்டா கேசு எங்க மேல வரும். காப்பாத்த வேண்டியது கெவுருமெண்டு. அதுக்குத்தான ஓட்டுப் போடுதோம்."

"ஆமா, அவுக சொல்லுததும் ஞாயம்தான" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஏசுவடியான் அனுசியாவைப் பார்த்தார். பதினைந்து நாளாகத் தனியாக அந்தக் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருக்கும் ஆள் இவர்தான். யாரும் கூட நிற்காததால் எல்லாவற்றையும் மூடு, மூடு என்று எழுதிக்கொண்டிருக்கிறார். தானே அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தானே எழுதியிருப்பேன் என்று அவருக்குத் தோன்றியது.

"எனக்குக் கட கிடயாது" என்றார். "என் கையெழுத்து செல்லுமாம்மா?"

"செல்லும். என்ன பொறுப்பு எடுத்துக்கிறீங்க?"

"அருவிக்கு அடியில கடைசி ஆளு வெளிய வாற வரைக்கும் நான் நிக்கேன்."

பேனாவைப் பிடித்து, ஏ என்று எழுதி, சு எழுதி, பெயர் முழுதும் எழுதி முடிக்க நேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அடுத்து மைதீன் எழுதினார். வடிவம்மாள் கைநாட்டு வைத்தாள். "எண்ணெக்காரன் நிக்கான், நம்ம மானம் போவுது" என்று முணுமுணுத்துக்கொண்டே சந்தோஷ்குமாரும் பேனாவை வாங்கினார்.

சனிக்கிழமை இரண்டாவது பரீட்சை. ஷட்டர்கள் தடதடவென்று இறங்கியதும் கூட்டம் சோப்பு நுரையோடு மேட்டுக்கு ஓடி வந்தது. இரண்டு கடைகளில் பையை எடுத்துக் கொடுப்பதில் சண்டை. மதுரைக்காரர் ஒருவர் கடையைக் கொள்ளையடிக்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷ்குமாரின் சட்டையைப் பிடித்துவிட்டார். ஒன்பது நிமிடம். அனுசியா அன்றைக்கே எழுதி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உத்தரவு வந்தது. திங்கள் முதல் பகலில் மட்டும் குளிக்கலாம். ஒரு தடவை தவறினாலும் சீசன் முடியும் வரை திறக்கப்பட மாட்டாது.

கடைசி வரியைக் கேட்டதும் ஏசுவடியான் மச்சினனுக்குப் போன் போட்டு, புதன்கிழமை வரை பொறுக்கச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணி. கீழே நல்ல வெயில். சுரண்டையிலிருந்து வந்த ஒரு விவசாயியின் தோளை ஏசுவடியான் பிடித்துக்கொண்டிருந்தார். நூற்றுக்கணக்கில் ஆட்கள் உள்ளே. அப்போது ரவி மேட்டிலிருந்து ஓடி வந்தார். விசில் சட்டைப்பையில் இருந்தது. ஊதவில்லை.

"அண்ணாச்சி, மேல இருந்து வயர்லெஸ் வந்துட்டு. பொங்குதாம்."

வானத்தில் மேகமே இல்லை. சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் அதற்குள் மேட்டில் முதல் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக முப்பதும். ஏசுவடியான் எண்ணெய்க் கையோடு எழுந்து கூட்டாளிகளின் கையைக் கோத்துக்கொண்டு அருவிக்குள் நுழைந்தார். தண்ணீர் தலையில் அறைந்தது. முதுகு முதுகாகத் தட்டினார். "கட அடைக்கான், போன எடுங்க! கட அடைக்கான்!" திரும்பிய முகங்களில் வெள்ளத்துக்கு வராத பயம் போனுக்கு வந்தது. ஓடினார்கள். பெண்கள் பக்கம் வடிவம்மாளின் குரல் அருவியையும் மீறிக் கேட்டது. "ஏட்டி, பிள்ளயத் தூக்கு! பை எங்கயும் போவாது, நட!"

கடைசியாகப் பாறை இடுக்கில் ஒரு கிழவர் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். தட்டினால் இன்னும் நன்றாகத் தட்டு என்பதுபோல முதுகைக் காட்டினார். ஏசுவடியான் பேசிக்கொண்டிருக்கவில்லை, அவரை அப்படியே அணைத்துத் தூக்கிக்கொண்டு மேடேறினார். மேட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது அருவிக்கு அடியில் ஆள் இல்லை. மண்வாடை வந்தது. சருகு வந்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தண்ணீர் செம்மண் நிறமாகி, அவர்கள் நின்ற இடம், உட்கார்ந்த கல், தடுப்புக் கம்பி எல்லாவற்றையும் மூடிக்கொண்டு இரைந்தது. மேட்டில் நின்ற அத்தனை பேரும் கையில் போனோடு, ஈரத்துணியோடு, வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். கடைக்காரர்களின் சட்டையைப் பிடிக்க வந்தவர்கள்கூடக் கையை இறக்கிவிட்டார்கள்.

ரவி நேரத்தைக் குறித்திருந்தார். பதினோரு நிமிடம்.

அனுசியா ஜீப்பில் வந்து இறங்கினார். ஏசுவடியான் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பத்து என்று சொல்லியிருந்தார்கள். ஒரு நிமிடம் கூடிவிட்டது.

"எத்தனை பேர் உள்ள இருந்தாங்க?"

"நானூத்து எம்பதுக்கு மேல" என்றார் ரவி.

"எத்தனை பேர் வெளிய வந்தாங்க?"

"அத்தன பேரும்மா."

அனுசியா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "வெள்ளம் வடிஞ்சதும் நாளைக்குக் காலைல திறக்கலாம்னு எழுதுறேன்" என்றார். இரண்டு வாரத்துக்கு மேல் மூடிக் கிடந்த அருவி, இந்தத் தடவை ஒரு ராத்திரியில் திறக்கப் போகிறது.

சாயங்காலம் மகள் வீட்டில் குழந்தை அவர் தோளில் கிடந்தது. நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். கிழவரைத் தூக்கிய இடத்தை இரண்டு தடவை சொன்னார்.

"அப்பம் தம்பிக்கு என்ன சொல்ல?" என்றாள் தங்கபுஷ்பம்.

"வரலன்னு சொல்லிரு. வேற ஆளப் பாத்துக்கிடட்டும்."

ஜாய்ஸ் சிரித்தாள். தங்கபுஷ்பமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். ஏசுவடியான் அதைக் கவனிக்கவில்லை. அந்த இரண்டு நிமிடம் அவரைக் குடைந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை ஒன்பதில் முடிந்தது இன்றைக்கு ஏன் பதினொன்று ஆனது? கிழவரால் ஒரு நிமிடம் போயிருக்கும். இன்னொன்று?

"செருப்பு!" என்றார் திடீரென்று. குழந்தை விழித்துக்கொண்டது.

"என்ன செருப்பு?"

"ஓடி வந்தவன்ல நாலஞ்சு பேரு பாத நடுவுல நின்னு செருப்பத் தேடினான். பின்னால வந்தவன் எல்லாம் முட்டி நின்னுட்டான். செருப்ப அங்கன கீழ போட விடவே கூடாது. மேட்டுலயே ஒரு எடம் போடணும்." குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டுப் போனைத் தேடி எடுத்தார். "ஏ மைதீனு, தூங்கிட்டியா? செருப்புக்கு ஒரு வழி சொல்லு."